நாலாம் நம்பர்

அவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று யார் கேட்டாலும்
பிள்ளையார்பட்டிக் குளத்தில் ஒரு போன் விழுந்ததிலிருந்துதான்
ஆரம்பிப்பேன்.

அரிசிப் பைக்குள் புதைத்து
செக்காலை ரோட்டில் என் கடைக்குக் கொண்டுவந்தான்
இன்ஜினியரிங் காலேஜ் பையன்.
செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான்.
எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

போர்டு செத்துவிட்டது. மெமரி கார்டு பிழைத்தது.
அக்கா கல்யாண வீடியோ, செமஸ்டர் கேள்வித்தாள்,
பெயரில்லாத ஃபோல்டரில் டிராக் 04.
முந்தைய மூன்றும் என்னவாயின என்று
குளத்தைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தவர் போனைத் துழாவக் கூடாது.
கடையில் போர்டே எழுதி மாட்டியிருக்கிறேன்.
ஸ்பீக்கர் டெஸ்டுக்குத்தான் போட்டேன்,
சத்தியமாக.

முதல் நிமிடம் ஒன்றுமே இல்லை.
தூரத்தில் யாரோ இரும்புக் கட்டிலை இழுக்கிறார்கள்.
கார்டும் போச்சு என்று கழற்றப் போகையில்
டிரம்ஸ் வந்தது.
கால் தட்டினேன். தவறியது.
திரும்பத் தட்டினேன். திரும்பவும் தவறியது.
ஒரு படி குறைத்துக் கட்டிய மாடியிலிருந்து
கரண்ட் போன நேரத்தில் இறங்குகிற மாதிரி
ஒவ்வொரு சுற்றிலும்
இல்லாத படியில் கால் வைத்தேன்.
பிறகு அந்தக் குரல்.
யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று
பக்கத்துப் பாத்திரக்கடை பெரியகருப்பன்
மரக்கட்டையோடு ஓடி வந்தார்.

பதினொன்றாம் நிமிடம் நாற்பதாவது நொடியில்
அறுந்துவிடும்.
கிதார் ஏறிக்கொண்டே போகும் இடம்.
வரப்பார்த்து நின்றுவிட்ட தும்மல்.
அதோடு இரண்டு வருடம் இருந்தேன்.
பேண்டின் பெயர் தெரியாது,
நாலாம் நம்பர் என்று வைத்துக்கொண்டேன்.

தேவகோட்டை ரஸ்தா போகும் டவுன் பஸ்ஸில்
முன் சீட்டுக் கம்பியில்
ஒரு பெண்ணின் விரல்:
மூணு, ரெண்டு, ரெண்டு.
மூணு, ரெண்டு, ரெண்டு.
எழுந்து போய்க் கேட்டேன்,
பதினொன்று நாற்பதுக்கு அப்புறம் என்ன ஆகும்?
கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
அவள் கைப்பையிலிருந்து
இயர்போனை எடுத்தாள்.

பெயர் ஜெசிந்தா. நர்ஸ்.
மதுரை ஹாஸ்டலில் ஷில்லாங் ரூம்மேட்
அழும்போதெல்லாம் அதைப் போடுவாளாம்.
பாட்டு தாங்காமல்தான் அழுகிறாள் என்று
ஆறு மாதம் நினைத்திருந்தாளாம்.

ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு.
ஏறியது, ஏறியது, நாலு எண்ணிக்கை மௌனம்,
அப்புறம் வெறும் பியானோ.
ஒற்றை விரல்.
எனக்குக் கோபம் வந்தது.
இரண்டு வருடமாக நானே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தேன்,
என்னுடையதில் அடி அதிகம்.
இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி
இரண்டு ஸ்டாப் போன பிறகுதான்
அந்த விரல் வாசிப்பதும் ஏழு என்று பிடிபட்டது.
பெயரையும் அவள்தான் சொன்னாள்.
நார்வேக்காரர்கள். ஓ-வின் குறுக்கே ஒரு வெட்டு.
எங்களுக்கு வாயில் நுழையவில்லை.
இன்றும் நாலாம் நம்பர்தான்.

அடைக்கப்பன் சிங்கப்பூரில் நேரிலேயே பார்த்ததாகச் சொல்வான்.
ரொம்ப நாள் பொறாமைப்பட்டோம்.
போன தீபாவளிக்கு உண்மை வந்தது:
டிக்கெட் விலை நாலு நாள் சம்பளம்,
அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றிருக்கிறான்.
பாட்டு கேட்கவில்லை,
பேஸ் மட்டும் செருப்பு வழியாக ஏறியது என்றான்.
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

புது ஆல்பம் வரும் ராத்திரிகளில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருகிறோம்.
பெரியகருப்பனும் வருகிறார்.
பிடித்திருக்கிறதா என்று கேட்டால்
பாத்திரம் அதிருது என்கிறார்.
வராமல் இருப்பதில்லை.

அந்த போன் இன்னும் டிராயரில் இருக்கிறது.
கார்டு தனியாக, கவரில்.
பில் புத்தகத்தில் கார்பன் சரியாக விழவில்லை,
பெயர் 'கதிரே' வரைதான் தெரிகிறது.
சர்வீஸ் நூற்றைம்பது என்று போட்டிருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமைகளில்
கடையைக் கொஞ்சம் லேட்டாக அடைக்கிறேன்.