பதினாறு குறைந்தது

டோக்கெலாவ் என்றால் வாடை.
வடக்கிலிருந்து வரும் காற்று.
காற்றுக்கு எவன் பட்டா போடுவான் என்று
அசட்டையாக இருந்துவிட்டோம்.

ஒரு கப்பல்காரன் வந்து
தன் நாட்டுப் பிரபுவின் பெயரை அட்டாஃபுவுக்கு வைத்தான்.
அந்தப் பிரபு எங்கள் இளநீரில்
ஒரு வாய் குடித்ததில்லை.
இன்னொருவன் பெருவுக்கு ஆள் பிடிக்க வந்தான்,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றில்.
ஊரில் பாதியை ஏற்றிக்கொண்டு
ஏணியை மேலே இழுத்துக்கொண்டான்.
மிச்சத்தின் மிச்சம் நான்.
நாலாவது தீவு ஒலோஹேகா
அமெரிக்காவின் கணக்கில் போயிற்று.
மூன்றுக்கு மட்டும் இன்னும் எங்கள் குரல் கேட்கும்.

நுக்குனோனுவில் என் வேலை மீன் பங்கு வைப்பது.
சூரையைக் கரையில் வரிசையாகக் கிடத்தி
வீட்டுக்கு வீடு தலை எண்ணுவேன்.
தொட்டில் பிள்ளைக்கும் ஒரு தலை.
பாயோடு கிடப்பவனுக்கும் ஒரு தலை.
பிடித்தவனுக்கென்று தனிப் பங்கு கிடையாது.
முப்பது வருடத்தில் இரண்டு தடவைதான் பிசகினேன்.
இரண்டு தடவையும் செலேசா கர்ப்பமாக இருந்தாள்.
அவள் பேரில் ஒன்று கூட வைத்துவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

பிறகு வாக்குப்பெட்டி வந்தது.
எங்களுக்குத் துறைமுகம் இல்லை.
பவளப்பாறைக்கு வெளியே கப்பல் தள்ளாடி நிற்கும்,
அலுமினியப் படகு அலை பார்த்துப் போய்
அரிசியை, சிமெண்டை, பாதிரியாரை இறக்கி வரும்.
பெட்டியை மடியில் வைத்து
இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தான் பெனேஹூரோ.
கேள்வி ஒன்றுதான்.
நியூஸிலாந்தின் விரலை விட்டு
நீங்களாக நடக்கிறீர்களா?

மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றார்கள்.
முந்தின வருடமும் கேட்டு, கொஞ்சத்தில் தவறியது.
இந்தத் தடவை பதினாறு குறைந்தது.

பதினாறு.
சோம்பலான ஒரு காலையில்
ஒற்றைத் தூண்டில் கொண்டுவரும் மீன்.
வெளியூரிலிருந்து வந்த அதிகாரி
காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பன்றி ஏற்கெனவே சுட்டாகிவிட்டது.
தின்றோம், வேறென்ன செய்ய.

மறுநாள் பங்கு வைக்கையில்
ஒவ்வொரு கூடைக்கு முன்னும் நின்று தேடினேன்.
லோசாவா? அவள் மகன்
பொரிருவாவில் பஸ் ஓட்டுகிறான்.
விலியாமுவா? புயலில் கூரை போனவன்,
அடுத்த தகரம் எங்கிருந்து வரும் என்று யோசித்திருப்பான்.
நிமிர்ந்து பார்த்தால்
எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களும் தேடுகிறார்கள்.

அதில் ஒன்று நான்.

வெலிங்டனில் ஓர் இயந்திரம்
வாரம் மூன்று நாள் செலேசாவின் ரத்தத்தைக் கழுவியது.
விடுதலை யாருக்குக் கசக்கும்?
ஆனால் அந்தக் கம்பி
எந்த நாட்டுச் சுவரில் செருகியிருக்கிறது என்று நினைத்தபோது
பென்சில் தானாக நகர்ந்தது.
அங்கே இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை.
அவளுடையதை நான் போட்டேன்.
மூன்றாவது பிசகு.

அவள் போனது ஒரு டிசம்பர் முப்பது.
பொரிருவாவின் ஈர மண்ணில் வைத்தார்கள்.

சில வருடம் கழித்து
நாள்கோட்டை எங்களுக்குக் கிழக்கே நகர்த்தினார்கள்.
சமோவா நகர்ந்தால் நாங்களும் நகர வேண்டும்,
கப்பல் அங்கிருந்துதானே வருகிறது.
இதற்குப் பெட்டி வரவில்லை.
வியாழன் இரவு படுத்தோம்,
விழித்தால் சனி.
அந்த வருடம் எங்கள் தீவுக்கு டிசம்பர் முப்பது இல்லை.

அவள் இருக்கும் ஊரில் இருந்தது.
மகள் போய் மெழுகுவத்தி ஏற்றினாளாம்,
காற்றில் இரண்டு தடவை அணைந்ததாம்.
எந்தக் காற்று என்று கேட்டேன்.
அதற்குள் லைன் போய்விட்டது.

சனிக்கிழமை சூரை வந்தது.
தலை எண்ணி வைத்தேன். ஒன்று கூடியது.
பெனேஹூரோ அதைக் காலால் தள்ளிப் பார்த்து
பன்றிக்குப் போடவா என்றான்.

இருக்கட்டும் என்றேன்.