இரவல் சுழியம்

பத்து கோல் வித்தியாசம் வந்தால்
ஆட்டம் அத்தோடு முடியும்.
விதிப்புத்தகத்தில் அதற்கு ஓர் எண் மட்டுமே உண்டு.
கருணை விதி என்று பெயர் வைத்தது
வேறு யாரோ,
கோல் வாங்கிப் பழகாத யாரோ.

இன்று ஈசூன் திடலில் ஒன்பது.

எங்கள் அணியில் சரியாகப் பதினொருவர்.
அதில் இருவர் வலைப்பந்திலிருந்து கடன்.
ஜியா யிங்கிடம் பந்து வந்தால் காலுக்கு முன் கை போகிறது,
ஏற்கெனவே இரண்டு ஹேண்ட்பால்.
நிவாஷினி அக்காவின் காலணிக்குள்
இரண்டு ஜோடி காலுறை போட்டிருக்கிறாள்.
மிஸ் லோக் கணித ஆசிரியை;
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
பேருந்தில் கைப்பேசியில் படித்துக்கொண்டே வந்தார்.
நான் கோல்காவலர்.
உயரம் என்பதைத் தவிர
என்னிடம் எதையும் யாரும் கேட்கவில்லை.

பலகையில் எண் மாட்டும் அக்மலிடம்
ஒரே ஒரு சுழியம்தான்.
இன்னொன்று தொலைந்து எத்தனை வருடமோ.
தொடக்கத்தில் அதை எங்களுக்கு மாட்டினான்.
அவர்கள் பக்கம் வெறும் கொக்கி,
நான்கு நிமிடம்.

ஒன்பதாவதுக்குப் பிறகு
அவர்களுடைய பயிற்றுவிப்பாளர் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்,
பால் பொங்குகிறது, அடுப்பைக் குறை என்பதுபோல்.
அதன்பின் அவர்கள் அடிக்கவில்லை.
இவளிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து இவளுக்கு.
நாங்கள் பின்னால் ஓடினோம்,
நகரத் தொடங்கிவிட்ட பேருந்தின் கதவைத் தட்டுகிறவர்களாக.
ஒன்பது கோலிலும் வராத ஒன்று
அப்போதுதான் தொண்டைக்கு வந்தது.

பிறகு மின்னல் எச்சரிக்கை.
சைரன் கத்த, இரு அணியும் ஒரே கூரைக்கடியில்.
மழை இல்லை. புளோக்குகளுக்கு மேலே
கரிபிடித்த சட்டியாக வானம் கவிழ்ந்திருந்தது.
"ஒன்பதோடு முடித்துக்கொள்ளலாமே,"
நடுவர் மிஸ் லோக்கிடம் மெதுவாகச் சொன்னார்.
ஒற்றை இலக்கம், வெளியே சொல்லிக்கொள்ளலாம்.
மிஸ் லோக் எங்களைப் பார்த்தார்.
நிவாஷினி காலுறையைப் பிழிந்தபடியே,
"இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு, மிஸ்."

ஹுமைரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
ஒன்பதில் ஐந்து அவளுடையது.
ஹண்ட்ரட் பிளஸ் புட்டியை நீட்டினாள், குடித்தேன்.
"ஏன் அடிக்க மாட்டேங்கிற?"
"கோச் வேண்டாம்னாரு."
"நான் சொல்றேன். அடி."
அவள் காலணி நாடாவை அவிழ்த்தாள்,
மறுபடி கட்டினாள்.

நாற்பது நிமிடம் கழித்து விளக்கு அணைந்தது.
மறுபடியும் இவளிடமிருந்து அவளுக்கு.
ஒருமுறை நடுக்கோட்டைத் தாண்டினோம்.
ஜியா யிங் காலால், நிஜமாகவே காலால்,
பந்தை நிறுத்தினாள்.
எதிர்ப்பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள்.
நல்லெண்ணம்தான்.
அதையும் பொறுத்துக்கொண்டோம்.

கடைசி நிமிடத்தில் ஹுமைரா திரும்பினாள்.
பயிற்றுவிப்பாளர் கத்தியது எனக்கே கேட்டது.
அவளுக்கும் கேட்டிருக்கும்.

இடப்பக்கம், தாழ்வாக, முழு வேகத்தில்.
பாய்ந்தேன்.
நடுவிரல் நுனியில் பட்டது.
பட்டது.
கம்பத்தில் மோதிய பந்து
கொஞ்சம் யோசித்துவிட்டு
உள்ளே போனது.

விசில்.

அக்மல் ஒன்பதைக் கழற்றினான், ஒன்றை மாட்டினான்,
கையை விரித்துக்கொண்டு நின்றான்.
பிறகு எங்கள் பக்கம் நடந்துவந்து
எங்கள் சுழியத்தை எடுத்துக்கொண்டு போனான்.
அவர்களுக்குப் பத்து.
எங்களுக்கு ஒரு கொக்கி, காற்றில் லேசாக ஆடிக்கொண்டு.
நிவாஷினிதான் முதலில் சிரித்தாள்.
ஹுமைரா தூரத்திலிருந்து பார்த்தாள்,
கை அசைக்கவில்லை. நானும்தான்.

பேருந்தில் விரல் வீங்கிக்கொண்டு வந்தது.
ஐஸ் பையை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.
வலி இருக்கிறவரை
பட்டது பட்டதுதான்.

செவ்வாய்க்கிழமை செம்பவாங்கில் ஆட்டம்.
அங்கே எத்தனை சுழியம் வைத்திருக்கிறார்கள் என்று
மிஸ் லோக்கைக் கேட்கச் சொல்ல வேண்டும்.