தூசு துடைத்தல்

கேமரா கொடுத்தது உப்பில்லாக் கஞ்சி.
ஜனவரி இருபத்தொன்று, வார்டோ துறைமுகம்.
இரண்டு மாத இருட்டுக்குப் பின் சூரியன்
விளிம்பில் தலையை மட்டும் காட்டிய நண்பகல்.
அலைதடுப்புச் சுவரின் மேல் பதினொரு பேர்.
கோப்பில் அவர்கள் முகம் ஈரச் சிமெண்ட்.
நான் பார்த்தது இதையல்ல.

முதலில் வெண்மை.
பனியை நீலம் என்கிறது கருவி.
பொய்யில்லை, நிழலில் பனி நீலம்தான்.
ஆனால் அந்தக் குளிரில் யாரைக் கேட்டிருந்தாலும்
வெள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.
நானூறு கெல்வின் ஏற்றினேன்.
பாதி நீலத்தை விட்டுவைத்தேன்,
இரண்டு சாட்சிக்கும் பொதுவாக.

பிறகு நிழல்களைத் தூக்க
தொப்பிகளுக்கு அடியிலிருந்து கண்கள் வந்தன.
நம் கண் இதைத் தானே செய்துவிடுகிறது.
வெளிச்சத்துக்குச் சுருங்கி, இருட்டுக்கு விரிந்து,
இரண்டோடும் பேரம் பேசி
ஒரே காட்சியாகக் கட்டிக் கொடுக்கிறது.
கூலி கேட்பதில்லை.
ரசீதும் தருவதில்லை.

நூலகத்துக்காரர் ஹால்வார்ட் சொல்லியிருந்தார்:
"திருத்தாத படமாகக் கொடு."
அப்படி ஒன்று கிடையாது என்றேன்.
குப்பைத்தொட்டி விழாதபடி
இரண்டடி தள்ளி நின்றேனே,
திருத்தம் அங்கேயே தொடங்கிவிட்டது.
"சரி, எங்கே நிறுத்துவாய்?"
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்:
தூசு துடைப்பேன், தழும்பைத் தொடமாட்டேன்.
சொன்னபோது எனக்கே பிடித்திருந்தது.

வலது ஓரம், அடிவானக் கோட்டின் மேல்
கடுகளவு ஒரு புள்ளி.
மீன் உலர்த்தும் ஊர்,
காற்றிலேயே செதில் பறக்கும்,
சென்சாரில் ஒட்டாமல் இருக்குமா?
ஒரு சொடுக்கு.
பக்கத்துக் கடலைக் கிள்ளி
அதன்மேல் பூசியது மென்பொருள்.
ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை.

சுவரில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் மாட்டினோம்.
மூன்றாம் நாள் சோல்ஃப்ரிட் வந்தாள்,
படத்தில் இடமிருந்து நான்காவது, சிவப்புக் கையுறை.
கோட்டைக் கழற்றாமல் வெகுநேரம் நின்றாள்.
"என் மூக்கின் சிவப்புகூட அப்படியே இருக்கிறது.
படகு எங்கே?"
"எந்தப் படகு?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் படத்தைப் பார்த்தேன்.
பதினொரு தலை, ஒரே திசை,
அந்தத் திசையில்
நான் கழுவித் துடைத்த கடல்.

எய்லெர்ட்டும் அவன் மச்சினனும்.
இயந்திரம் நின்று, ரேடியோ அடங்கி,
இரண்டு இரவு.
அன்று பேருந்தில் வந்து இறங்கிய எனக்கு
இதை யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஊர் படகுக்காக நின்றது,
சூரியனுக்காக நிற்கிறது என்று
நானே தலைப்பும் எழுதி ஒட்டியிருந்தேன்.

இரவு மற்றக் கோப்புகளைத் திறந்தேன்.
தூசு இடம் மாறாது,
எந்தப் படத்திலும் அதே மூலையில்
வாடகை பாக்கிபோல் உட்கார்ந்திருக்கும்.
மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடம்.
இது நகர்ந்திருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டில் இங்கே,
இருநூற்றுப் பத்தொன்பதில் ஒரு நகக்கண் இடப்பக்கம்.
நானூறு மடங்கு பெரிதாக்கினால்
அதன்மேல் நாலே நாலு பிக்செல், நெட்டுக்குத்தலாக.
பாய்மரம் என்று சொல்ல மனம் வரவில்லை.
வேறென்னவென்று சொல்லவும் தெரியவில்லை.

சொடுக்கை மட்டும் திருப்பி எடுத்தேன்.
வெண்மையும் நிழலும் இருந்தபடியே இருக்கின்றன,
அவற்றுக்காக வருந்தவில்லை.
புதிய அச்சு, பழைய சட்டம்,
என் செலவு.

இப்போது ஹால்வார்டுக்குத்தான் வேலை.
வருகிறவர்கள் அந்தப் புள்ளியைக் கண்டதும்
சட்டைக் கையை இழுத்து,
கண்ணாடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள்.
வெள்ளிக்கிழமைதோறும் அவர் துணியோடு வருகிறார்.
மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம்.
அங்கே மட்டும்
பிசுக்கு.