ஏழாம் இழுப்பறை

போஃபர்ட் வெஸ்ட்டில் பிப்ரவரி.
மேலே மின்விசிறி சுற்றுவது
கரூவின் தூசியை மேசை மாற்றி உட்காரவைக்கத்தான்.

ஏழாம் இழுப்பறையில் தந்தமுள்ளவை.
எட்டில் தந்தமில்லாதவை.
முயலளவு உடம்பு, ஆமை அலகு,
கல்லாகிப்போன இருபத்தைந்து கோடி ஆண்டு.
யாரோ ஒருவர் முப்பதுகளின் நீல மசியில்
இரண்டு லத்தீன் பெயர் எழுதி
இரண்டின் வாலிலும் தன் பெயரைக் கட்டியிருக்கிறார்.

என் வேலை அளப்பது.
கண்குழிக்கும் மூக்குக்கும் நடுவே,
அலகின் அகலம், உச்சித்துளையின் நீளம்.
வெர்னியரின் தாடைக்குள்
ஒவ்வொரு தாடையாக, நாற்பத்தொன்று.

முதலில் ஒழிந்தது ஒன்பதாம் இழுப்பறை.
அதில் ஒற்றை மண்டை, தனி இனம்,
'அகலத்தலையன்' என்று பட்டம்.
அகன்றது தலையல்ல,
மேலே உட்கார்ந்த மலை அமுக்கியிருக்கிறது.
பாறை நசுக்கிப் பெற்ற பிள்ளை அது,
ஒருநாளும் பசித்திருக்காது.

பிறகு எண்களைப் புள்ளிகளாக்கித் தாளில் இறக்கினேன்.
இரண்டு இனமென்றால்
இரண்டு கூட்டமாக விலகி நிற்கவேண்டும்.
இவையோ
மாப்பிள்ளை வீடு, பெண் வீடு பார்க்காமல்
ஒரே பந்தியில் கலந்து உட்கார்ந்துவிட்டன.

மே மாதம் நொம்புலெலோ கூப்பிட்டாள்.
பண்ணைக்காரர் கொடுத்த மண்கல்லை
ஊசித்துளைப்பானால் பதினோரு வாரம் கொறித்திருந்தாள்.
உள்ளே ஒரு வளை, திருகிக் கீழிறங்குகிறது.
அடியில் சுருண்டு இரண்டு.
ஒன்றுக்குத் தந்தம். ஒன்றுக்கு இல்லை.
வெள்ளம் வந்தபோது
இரண்டுமே வெளியே ஓடவில்லை.

"புருஷன் பெண்டாட்டி" என்றாள்.
கறையான் புற்றில் பாம்பும் குடியிருக்கும் என்றேன்.
குறிப்பேட்டில்
'ஆணும் பெண்ணுமாக இருக்கலாம்' என்று எழுதி
'லாமை' இரண்டுமுறை அடித்து
இரண்டுமுறை திரும்ப எழுதினேன்.

நான் கவுண்டன். என் பாட்டனின் தம்பி வழியெல்லாம் கோவெண்டர்.
ஒரே வயிறு, ஒரே கப்பல்.
டர்பன் துறைமுகத்தில் குமாஸ்தா மட்டும் இரண்டு பேர்.
இதைச் சொன்னதும் சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்து நீட்டினாள்.

முந்திப் பிறந்த பெயர் நிற்கும், அதுதான் விதி.
மற்றது அடியில், சின்ன எழுத்தில்.
முந்தியது தந்தமில்லாதவளுக்கு வைத்த பெயர்.
ஏழில் எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கினேன்.
எட்டில் இப்போது தேயிலையும் ரஸ்க்கும்.

இருபத்துமூன்றாம் மண்டையை மட்டும்
இன்னும் உள்ளே வைக்கவில்லை.
இடப்பக்கம் முழுத்தந்தம்.
வலப்பக்கம்
உடைந்த தடமில்லை, குழியில்லை,
வழவழப்பான எலும்பு.
மேசை விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்க்கிறேன்.