ஆறு

வல்லம் பைபாஸில் நஜ்முதீனின் கொட்டகை.
ஒரே வார்ப்பில் இரண்டு வண்டிகள்,
இரண்டும் சிவப்பு,
இரண்டும் ஏழு வருஷம் வேறு யாருக்கோ உறுமியவை.
ஒன்றில் மூன்று மிதி. மற்றதில் இரண்டு.

"மிதி கொறஞ்சதுலதான் கிளட்ச் ரெண்டு இருக்கு மேடம்."
உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல்.
ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கையில்;
இரண்டு, நான்கு, ஆறு மறு கையில்.
இரண்டாவதில் போகும்போதே
மூன்றாவதைக் கவ்வித் தயாராக வைத்திருக்குமாம்.
கேட்கும் முன்பே பதில்.
அப்படி ஒருவரோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவள்.
அதைச் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

மேட்டூரை மூடிவிட்ட மாசி மாதம்,
வெண்ணாற்றுக் கோட்டத்தில் எனக்கு வேலை இல்லை.
தண்ணீர் இருக்கும் நாளில் முறை வைப்போம்:
ஆறு நாள் இந்த வாய்க்கால், ஆறு நாள் அந்த வாய்க்கால்.
ஒரு பலகையை இறக்கி மற்றதை ஏற்றுவதற்குள்
கால் மணி நேரம்
தண்ணீர் யாருடையதும் இல்லாமல் மதகடியில் சுழலும்.
லஸ்கர் அய்யாறப்பன் அப்போதுதான் பீடி பற்றவைப்பார்.

இரண்டு மிதி வண்டியை முதலில் எடுத்தேன்.
பக்கத்தில் மெக்கானிக் அல்போன்ஸ், மடியில் ஸ்கேனர்.
தஞ்சாவூர் தாண்டியதும் ஒரு முறை அழுத்தினேன்:
முதுகு இருக்கையில் ஒட்டியது,
மூன்று கியர் மாறியது எனக்குத் தெரியவே இல்லை.
பொய் சொல்லக் கூடாது, சிரித்துவிட்டேன்.

அம்மாபேட்டையிலிருந்து பாதிச் சாலையில் நெல்.
எல்லைக்குக் கருங்கல், தென்னை மட்டை.
முன்னால் அறுவடை மெஷினை ஏற்றிய லாரி.
இருநூற்று நாற்பது வரை எண் போட்ட வண்டி
பதினொன்றில் ஊர்ந்தது.

நீடாமங்கலம் கேட்.
மூட்டை ஏற்றும் சரக்கு ரயில்
முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனது.
வரிசை ஒரு முழம் நகரும், நிற்கும்.
வண்டி கடிக்கும், விடும், கடிக்கும்.
குளிர்காய்ச்சல்காரியைப் போல ஒரு நடுக்கம்.
திரையில் மஞ்சள் விளக்கு.
"சூடு. கொஞ்சம் ஆறட்டும்" என்றார் அல்போன்ஸ்.
வேர்க்கடலைக்காரர் குனிந்து பார்த்தார்.
"எத்தனை பேரு ஒக்காரலாம்?"
"ரெண்டு பேரு."
"அவ்ளோதானா?"

மறுநாள் மூன்று மிதி. அதே கேட்.
இரண்டு தடவை அணைத்துவிட்டேன்.
பின்னால் டெம்போக்காரன் ஹாரனில் என் வம்சத்தை விசாரித்தான்.
இடது முழங்கால் தனியாக ஆடியது.
இரண்டாவது கியர் விழும்போது
உரலில் கல் மாட்டிய சத்தம்.

கையை எடுத்தபோதுதான் பார்த்தேன்:
குமிழில் மூன்று அழிந்திருந்தது.
இரண்டும் நான்கும் பாதி.
ஆறு மட்டும் நேற்று எழுதியது போல வெள்ளையாக.
கும்பகோணத்துக்காரராம், பெயர் கேட்கவில்லை.
ஏழு வருஷம் அந்த உள்ளங்கை
ஆறுக்குப் போகவே இல்லை.
எங்கே போவது,
அடுத்த கல்லில் நெல், அதற்கடுத்து ஆட்டுக்கிடை.

கேட் திறந்து, ஊர் தாண்டி,
இரண்டிலிருந்து மூன்றுக்கு இழுத்தேன்.
நடுவில்,
எந்தப் பல்லும் பிடிக்காத ஒரு நொடி.
இன்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்,
வண்டி சும்மா உருண்டது.
வேண்டுமென்றே இன்னும் ஒரு நொடி அதை அங்கேயே வைத்திருந்தேன்.
அல்போன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது ஒங்க காலவிட கெட்டிக்காரி மேடம்."
"தெரியும்."
"கெட்டுப்போனா ரெண்டேகால் லட்சம், சென்னைக்கு லாரில ஏத்தணும். அதையும் சொல்லிப்புடுறேன்."
நஜ்முதீன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"மிதிக்கிற வண்டிய திரும்ப வாங்கிக்க மாட்டேன். இப்ப யாரும் கேக்குறதில்ல."
முப்பதாயிரம் குறைத்தார். இரண்டாவது கியரின் சத்தத்துக்காக.

இரவு கோரையாற்றுப் பாலம் தாண்டி
சாலை காலியாக இருந்தது.
நான்கு, ஐந்து, ஆறு.
அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் முனகியது,
பாதித் தூக்கத்தில் எழுப்பியதைப் போல.
நான்குக்கே இறங்கி வந்தேன்.

வண்டிக்குள் இப்போது நீலகிரித் தைல வாசனை.
மூன்றை அடையாளம் தெரியாமல் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.
ஆறு அப்படியே இருக்கிறது.