எட்டு எண்ணச் சொன்னார்

அட்டையின் கீழே அவர் பேர்தான் அச்சாகியிருக்கிறது:
சூசைமாணிக்கம், படம் பிடிப்பவர், போத்தனூர்.
நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் அவரே.
தன்னைத் தானே பிடிக்க எத்தனை கை வேண்டும் என்று
இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

மூடியைத் திறந்தது நான்.

அபிசீனியாச் சண்டையில் ஒரு துரைக்கு
இருட்டுக் கூடாரம் சுமந்தவர். சுமந்தபடியே கற்றுக்கொண்டார்.
கழுதை விழுந்த பள்ளத்தில் இறங்கி
உடையாத கண்ணாடிகளைப் பொறுக்கிவந்த நாளில்
துரை ஒரு பாட்டில் ஈதர் கொடுத்தாராம்.
பட்டாளம் பிற்பாடு ஒரு பதக்கம் கொடுத்தது.
பதக்கம் அடகுக்குப் போயிற்று.
ஈதர் எங்கள் தலையணையில் மணத்துக்கொண்டிருந்தது.

நெஞ்சில் தொங்குகிறதே, அது அரை நாள் இரவல்.
செட்டியார் மகன் கூடவே வந்து வாசற்படியில் உட்கார்ந்து
பொரி தின்றபடி அதைக் காவல் காத்தான்.
சட்டத்துக்கு நாலு விரற்கடை வெளியே
இன்னும் அவன் இருக்கிறான்.

பெட்டிக்குள் பார்த்தால் ஆயுசு குறையும் என்று
சூலூர்ச் சந்தை முழுக்கப் பேச்சு.
பல்லடத்திலிருந்து வண்டி கட்டி வந்த ஓர் அம்மாள்
மஞ்சள் பூசிய தன் முகம் கறுத்து,
குங்குமம் கரிப்பொட்டாய் விழுந்ததைக் கண்டு
"ஏனுங்க, எனக்கு என்ன வரப்போகுதுங்க?" என்று அழுதாள்.
மஞ்சளும் சிவப்பும் வெள்ளி உப்புக்கு இருட்டு,
நீலம் அதற்கு வெளுப்பு. சொன்னால் யார் நம்புவார்கள்?
அதனால்தான் தானே உட்கார்ந்தார்,
வாசலில் மாட்டிவைக்க: பாருங்கள், நான் சாகவில்லை.

பட்டாளத்துக் கோட்டு பட்டாளத்துக்கே திரும்பிப் போயிற்று.
இது உக்கடத்தில் தைத்தது, மிளகாய்ப்பழச் சிவப்பு.
படத்தில் இழவுக்குப் போட்டதுபோல் இருக்கிறது.
பின்னால் திரை, பேரூர்க் கோயில் வண்ணக்காரர் எழுதியது.
துரைமார் மாடத்துக் கைப்பிடிச்சுவர் போதும் என்றோம்.
சுவரையும் வரைந்து, மனசு கேளாமல்
அதன்மேல் வெள்ளியங்கிரியையும் ஏற்றிவிட்டார்.
பூட்சுகளுக்குப் பின்னால் மூன்று இரும்புக் கால் தெரியும்;
அது தலை ஆடாமல் கழுத்தைப் பிடித்திருக்கும் கவை.

சித்திரை மாசம். தகடு காய்வதற்குள் முடிக்க வேண்டும்.
"எட்டு எண்ணு, மூடிடு. சித்தெ நேரம்தான்."

கல்யாணமாகி ஒன்பது வருஷம்.
ஆறு வருஷம் பெங்களூரிலும் கப்பலிலும் அந்த மலைகளிலும்,
மூன்று இருட்டறையில்.
சாப்பிடுகையில் தட்டைப் பார்ப்பார், பேசுகையில் ஜன்னலை.
ராத்திரி விளக்கை ஊதுவதும் அவரே.

திறந்தேன்.
ஒன்று. இரண்டு.
இடது புருவத்தில் ஒரு வெட்டு. எந்த ஊரில்?
மூன்று. ஒரு காது மற்றதைவிடச் சிறிசு.
நான்கு. உதட்டோரத்தில் ஒரு சிறுவன்
திட்டு வாங்கக் காத்திருந்தான்.
ஐந்து, ஆறு, ஏழு.
எட்டு.

மூடி என் கையில் இருந்தது.

அசையக் கூடாதென்று அவரே போட்ட சட்டம்.
நான் பார்க்கக் கூடாதென்று யாரும் போடவில்லை.
ஒன்பது. இமைக்காத கண்ணில் நீர் திரண்டது.
பதினொன்றில் வலது கை மட்டும்
தொடைமேல் எதையோ தேடிப் புறப்பட்டது,
பக்கத்தில் படுத்திருப்பவனைத் தட்டி எழுப்புகிறாற்போல.
பதினான்கில் மூடினேன்.

"எத்தனை எண்ணினே?"
"எட்டுங்க."

கழுவிய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தார்.
கை இருக்க வேண்டிய இடத்தில் புகை.
"வெயில் நெம்ப ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான்.
அணிநடை போட்ட மனுஷன்,
உள்ளுக்குள் எண்ணாமலா இருந்திருப்பார்?

சுரண்டிவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம்.
அதற்குள் செட்டியார் மகன் பொரியைத் தட்டிவிட்டு எழுந்து
பதக்கத்துக்குக் கை நீட்டினான்.

ஆகையால் இதுதான் வாசலில் தொங்கிற்று.
ஆள் வரத் தொடங்கினார்கள்.
அந்தக் கைக்கு என்னங்க ஆச்சு என்று கேட்டவர்களிடம்
"குண்டு பாய்ஞ்சதுங்க" என்பார்,
அதே கையால் முன்பணம் ஒரு ரூபாயை
எண்ணி வாங்கியபடி.