ஒன்றுக்கு அப்புறம் அடிவாரம்

கோரிமேட்டில் எங்கள் பள்ளி.
எல்.கே.ஜி. 'பி' பிரிவு, முப்பத்தொரு பிள்ளைகள்,
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும் ஒரு ஃபேன்.

ஜூலையில் ஒருநாள் எண்ணச் சொன்னேன்.
ஏற்காட்டு வேனில் வரும் ஒன்பது பேரும் எழுந்து நின்று
ஒரே குரலில்
இருபது, பத்தொன்பது, பதினெட்டு...
நான் பலகையில் எழுதிவைத்த ஒன்று
பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் நின்றது.
பதினொன்றில் எல்லோரும் பல்லைக் காட்டினார்கள்.
ஏழில் கவினேஷ் வாயைப் பொத்திக்கொண்டான்.
ஒன்றில் கைதட்டல்.

"ஒன்றுக்கு அப்புறம்?"
"அடிவாரம், மிஸ்."
"சரி, இருபதுக்கு மேலே?"
"பெனிட்டா வீடு."

வேன் ஓட்டும் ஆரோக்கியதாஸைக் கூப்பிட்டு விசாரித்தேன்.
இருபத்தாறு வயது. காதில் ஒரு பென்சில்,
எதற்கென்று அவருக்கே தெரியாது.
"காலையில இறங்குறப்ப வளைவு எண்ணுவோம் மிஸ்.
பதினொண்ணுல குரங்கு. ஏழுல கவினேஷ் வாந்தி.
சாயந்திரம் ஏறுறப்ப எல்லாம் தூங்கிடுதுங்க.
அதான் நேரா எண்ண வாய்ப்பே அமையல."

என்னிடம் லேமினேட் செய்த அட்டைகள் நாற்பது.
ஐந்து ஆப்பிள், ஆறு பந்து, ஏழு வாத்து.
ஏழு வாத்தில் ஒன்றுகூட
வாந்தி எடுத்ததில்லை.

எழுத்தும் அவர் கைவரிசைதான்,
பனி படிந்த வேன் கண்ணாடியில், ஒற்றை விரலால்.
ஔ என்றால்
ஒ தன் தங்கச்சி ள-வை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போகிறது,
ஹெல்மெட் இல்லாமல்.
இடம் விட்டு எழுதினால் தங்கச்சி கீழே விழுந்துவிடும்.
ஃ என்றால் தலைகீழாகத் தொங்கும் குரங்கு மூஞ்சி.
அபத்தம் என்றேன்.
ஓய்வறையில் யாரும் இல்லாதபோது
தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.
குரங்குதான்.

இரண்டு நாள் யோசித்து நானும் ஒரு ஜோக் சொன்னேன்:
"இந்த ஙௌ இருக்கே,
ரிஜிஸ்டரில் பேர் உண்டு, ஒருநாளும் வேலைக்கு வந்ததில்லை."
முப்பத்தொரு முகங்களில் ஒன்றும் அசையவில்லை.
வாசலில் நின்ற தாளாளர் மட்டும்
இது யாரைப் பற்றி என்பதுபோல் பார்த்தார்.

பிறகு ஒரு புதன்கிழமை, இடைவேளை.
மதுமிகா டப்பாவைத் திறந்து நீட்டினாள்.
"மிஸ், மலை வாயப்பயம்."
"வாய்க்கு என்னடி பயம்?"
"என் வாய்க்கு இல்ல மிஸ். கவினேஷ் வாய்க்கு.
ஏயாவது வளைவுல."

நான் சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது.
கவினேஷும் சிரித்தான், வாயைப் பொத்தாமல்.
சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன்:
இப்போ நாக்குதான் வேன்.
நுனியை மேலே தூக்கு, பின்னால் மடக்கு,
கொண்டை ஊசி வளைவு, இடிக்காமல் திருப்பு!
முப்பத்தொரு நாக்குகள்.
நாலைந்து பள்ளத்தில் விழுந்தன.
இரண்டு ஹாரன் அடித்தன.
மதுமிகாவின் நாக்கு மட்டும் மெதுவாகத் திரும்பி
"ஏ...ழு"
என்று இந்தப் பக்கம் வந்தது.
"மிஸ், வாந்தி வரல!"

ஜனவரியில் ஒரு மாலை நானும் வேனில் ஏறினேன்.
ஒருவரையும் தூங்கவிடுவதில்லை,
ஒன்று முதல் இருபது வரை
நேராக எண்ணவைத்தே தீருவது என்று.
ஒன்று எண்ணினோம். இரண்டு, மூன்று.
நான்கில் ஜன்னல் காற்று குளிர்ந்தது.

பெனிட்டா என் தோளை உலுக்கினாள்.
"மிஸ், நீங்க தூங்கிட்டீங்க.
நாங்கதான் மிச்சத்தை எண்ணினோம்."
"எப்படி?"
"இருபது, பத்தொன்பது, பதினெட்டு...
பதினேழு வளைவுதான் இருந்துச்சு மிஸ்.
பத்தாதுன்னு
கடைசி வளைவுலயே நாலு எண்ணிட்டோம்."

ஆரோக்கியதாஸ் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சிரித்தார்.
"அப்போ இது என்ன இடம்?"
"ஒன்றுக்கு அப்புறம், மிஸ்.
அடிவாரம்."

இறங்கினேன்.
அடிவாரத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
பெனிட்டாவின் அம்மா
காயப்போட்ட காபிக்கொட்டையை
கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.